கிடா சிலுப்பினால்தான் போர்

உலகத்தில் எந்த நாடு எந்த நாட்டின் மேல் படையெடுக்க வேண்டுமானாலும் வெள்ளாங்கரைக் கிடா சிலுப்ப வேண்டும். வெள்ளாங்கரை எங்கள் ஊர். கிடா என்னுடையது.

எங்கள் மாடசாமி கோயிலில் நேர்ச்சைக் கிடாவை வெட்டுவதற்கு முன்னால் அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாமல் நின்றால் உத்தரவு இல்லை, அரிவாளை யாரும் தொட மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் எல்லாக் கோயில்களிலும் உள்ள வழக்கம்தான். உலக சபை எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், விமான நிலையம் பக்கத்தில் இருப்பதும், கோயிலுக்கு முன்னால் பெரிய கார்களை நிறுத்த இடம் இருப்பதும்தான்.

அதற்கு முன்பெல்லாம் போருக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாடும் கடவுள் தன் பக்கம் இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியது. எதிரி நாடும் அதையே சொன்னது. கடவுள் இரண்டு பக்கமும் நின்றால் குண்டு அவர்மேல் விழாமல் போடுவது எப்படி என்று பீரங்கிப் படையினர் சந்தேகம் கேட்டார்கள். உலக சபை அத்தாட்சி கேட்டது. முதலில் வேதங்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தைத் திறந்து, ஒரே வரியில் விரலை வைத்து, ஆளுக்கொரு குரலில் படித்தார்கள். அடுத்து கனவுகளைப் பரிசீலித்தார்கள். தலைவர்களின் கனவில் வந்த கடவுள் அவரவர் கட்சியின் தேர்தல் அறிக்கையை வாசித்துவிட்டுப் போயிருந்தார். புறாக்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அவை விசா இல்லாமல் எல்லையின் இரண்டு பக்கமும் போய்வந்ததால் ஒழுங்கற்றவை என்று தள்ளிவிட்டார்கள்.

கடைசியில் ஆடுதான் மிஞ்சியது. ஆட்டை யாரும் மேற்கோள் காட்ட முடியாது. எல்லா மதக் கதைகளிலும் ஆடு ஏதோ ஓர் ஓரத்தில் நிற்கிறது, ஆனால் கருத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால் எந்த மதப் பெரியவருக்கும் ஆட்சேபம் இல்லை. எல்லாரும் வந்து தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சில நடைமுறைச் சிக்கல்கள் இருந்தன. ஆடு மழையில் நனைந்தாலும் சிலுப்பும். ஒரு கோடையில் திடீரென்று மழை பெய்து மேய்ச்சலில் நின்ற அப்போதைய கிடா சிலுப்பிவிட்டது. அன்றைக்கு எந்த நாடும் உத்தரவு கேட்டிருக்கவில்லை. கொடுத்த உத்தரவு வீணாகக்கூடாது என்று எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு தன் மேலேயே படையெடுத்துக்கொண்டது. அதிலிருந்து வானம் கறுத்தாலே எங்கள் கிடா குடையில்லாமல் வெளியே போவதில்லை. குடையை உலக சபை அனுப்புகிறது. கறுப்பு நிறம், வளைந்த கைப்பிடி, நல்ல குடை. கிடா மேயாத நேரத்தில் நானும் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவேன்.

எனக்கு முன்னால் வேறொருவரின் கிடா இந்தப் பொறுப்பில் இருந்தது. அது ஈ உட்கார்ந்தாலே சிலுப்பும். பெரிய நாடுகளுக்கெல்லாம் அதன்மேல் மிகுந்த பக்தி. வந்த காலோடு உத்தரவு வாங்கிக்கொண்டு போவார்கள். போருக்குச் சிலுப்புகிற கிடாவை வெட்டுவதில்லை. பிறகு சின்ன நாடுகள் முறையிட்டு, அதை ஓய்வில் அனுப்பிவிட்டு, என் தவசியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தவசி அழுத்தக்காரன். நடுரோட்டில் நின்றால் லாரி ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். அவனை வளர்த்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதையே ஒரு தகுதியாக எழுதி எனக்கு நியமன உத்தரவு கொடுத்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தவசி வந்த பிறகு உலகத்தில் போர் குறைந்துவிட்டது. ஆனால் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. போர் கேட்டு வருகிறவர்களுக்கு நல்ல பசி இருக்கும். காலையில் வந்து இறங்கியதும் தெருமுனை இட்லிக்கடையில் சட்னி காலியாகிவிடும். முற்றமெல்லாம் பூட்ஸ் கால் சகதி. போகும்போது ஒருவராவது கூட்டிவிட்டுப் போவோம் என்று நினைத்ததில்லை.

மார்கழியில் பெல்தானியாவும் ஓர்வாக்கும் வந்தன.

பெல்தானியா என்றதும் எனக்குப் பகீரென்றது. என் வீட்டுக்காரர் அந்த நாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அங்கே போய் வருஷங்கள் ஆகிவிட்டன. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிரேனின் உச்சியில் உட்கார்ந்தபடியே எனக்குப் போன் செய்வார். அங்கிருந்து பார்த்தால் ஒரு குன்று தெரியும் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குன்றுதான் விவகாரம்.

இரண்டு நாடுகளுக்கும் ஒரே மதம், ஒரே மகான். அவர் ஒரு காலத்தில் அந்தக் குன்றின் மேல் நின்று தும்மியிருக்கிறார். கிழக்கே பார்த்துத் தும்மினார் என்பது பெல்தானியாவின் நம்பிக்கை. மேற்கே பார்த்துத் தும்மினார் என்பது ஓர்வாக்கின் நம்பிக்கை. தும்மல் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் அருள் பெற்ற பூமி. இதை வைத்து இரண்டு தரப்பிலும் பெரிய பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். மகானுக்கு ஏன் தும்மல் வந்தது, அவருக்கு உடம்புக்கு என்ன என்று ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

கூடவே மதப் பெரியவர்களும் உலக சபைப் பார்வையாளரும் வந்திருந்தார்கள், ஆனால் முக்கியமானவர்கள் இருவர். பெல்தானியாவின் அமைச்சர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். ஓர்வாக்கின் அமைச்சர் குட்டையாக, கன்னம் சிவந்து இருந்தார். இருவருக்கும் பேச்சை மாற்றிச் சொல்ல எங்கள் ஊர் ரொசாரியோ வந்திருந்தான். கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் மீன் வறுத்துக் கொடுத்துக் கொடுத்தே இரண்டு பாஷையும் பழகிவிட்டான்.

"யக்கா, எப்பமும் போல ஒரு நாட்டுக்காரவிய மட்டும் வரல. ரெண்டு பேரும் சேந்து ஒரே மனுவா கொண்டாந்திருக்காவ. சண்டை போடுததுல ரெண்டு பேருக்கும் பரிபூரண சம்மதமாம். இவ்வளவு ஒத்துமையா அவிய எதுலயும் இருந்தது கிடையாதாம்" என்றான்.

பூசாரி கொம்பையா அண்ணாச்சி தவசிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, மனுவை அவன் காதில் வாசித்தார். காரணங்களை வேகமாக வாசித்துவிட்டு, நிகழ்ச்சி நிரலுக்கு வந்தார்.

"முதலில் பெல்தானியாவின் துறைமுகம். அடுத்து ஓர்வாக்கின் ரயில் நிலையம். அதன் பின் இரு தரப்புக்கும் வசதிப்பட்ட இடங்கள்."

கயிற்றைப் பிடித்தபடியே ரொசாரியோவைக் கூப்பிட்டு, அந்தத் துறைமுகத்தில் கிரேன்மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னேன். அவன் சொன்னான். ஓர்வாக் அமைச்சர் தொப்பியை எடுத்துவிட்டு நெடுநேரம் பேசினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னல சொல்லுதாரு?"

"ரொம்ப வருத்தப்படுதாரு யக்கா. சண்டை முடிஞ்சதும் ஒரு தூண் கட்டுவாவளாம். அதுல உங்க வீட்டு அண்ணாச்சி பேரை மேல, எல்லாரும் பாக்குத மாதிரி போடச் சொல்லுவாராம்."

பெல்தானியா அமைச்சரும் ஏதோ சொன்னார்.

"அவிய பக்கத்துலயும் ஒரு தூண் உண்டாம்."

கொம்பையா அண்ணாச்சி கற்பூரம் கொளுத்தினார். செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைத் தவசியின் முதுகில் கழுத்திலிருந்து வால்வரை ஊற்றினார். தண்ணீர் விலாவில் இறங்கி வயிற்றிலிருந்து சொட்டியது. தவசி நின்றான். மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைக் கடித்து நிதானமாக மென்றான். கற்பூரம் அணைந்தது. அவன் சிலுப்பவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் நான் பொறுப்பில் இருப்பவள், நடுநிலை தவறக்கூடாது. அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

கிடா சிலுப்பவில்லை என்றால் உடனே கலைந்துவிடக்கூடாது என்பது வழக்கம். நேர்ச்சை போட்ட குடும்பத்தில் யாருக்காவது மனக்குறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தாய்மாமனை அழைக்காமல் விட்டிருப்பார்கள், மூத்த மருமகள் ஒரு சொல்லுக்கு முகம் வாடியிருப்பாள். குறையை வெளியே சொல்லவைத்து, அதைத் தீர்த்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றினால் கிடா சிலுப்பிவிடும்.

"குடும்பத்துல யாருக்கும் மனக்குறை இருந்தா சபையில சொல்லிருங்க. மனசுல வச்சிட்டு நிக்காதீங்க" என்று அண்ணாச்சி அறிவித்தார்.

குடும்பம் என்றால் இரண்டு நாடுகள். அமைச்சர்கள் தலைநகரங்களோடு பேசினார்கள். ரேடியோவில் அறிவித்து, மக்கள் எல்லாரையும் அவரவர் மனக்குறையைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். குறைகள் வந்து குவிந்தன. பேருந்து நேரத்துக்கு வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகுகிறது. மேல்வீட்டுக்காரன் தரையில் நாற்காலியை இழுக்கிறான். பல் டாக்டர் கிடைப்பதில்லை. மகான் எந்தப் பக்கம் தும்மினார் என்பதில் குறை உள்ளவர் என்று ஒருவர்கூட வரவில்லை. அமைச்சர்கள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, போர் வேண்டும் என்ற ஆர்வத்தில் உடனுக்குடன் ஆணை போட்டார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு நாடுகளிலும் பேருந்து சரியான நேரத்துக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. கூரைகளுக்கு ஓடு மாற்றினார்கள். மேல்வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிவைத்தார்கள்.

மறுநாள் காலை மீண்டும் தண்ணீர் ஊற்றினார்கள். தவசி சிலுப்பவில்லை.

"இன்னும் யாருக்கோ குறை இருக்கு" என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிடாவை வளர்த்தவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உம்மென்று நின்றால் கிடா எப்படிச் சிலுப்பும்? அமைச்சர்கள் இருவரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். உயரமானவர் குனிந்து கொண்டார், குட்டையானவர் நிமிர்ந்து கொண்டார்.

"யக்கா, உங்க வீட்டு அண்ணாச்சியை நாளைக்கே பிளேன்ல ஏத்தி அனுப்பிருதாவளாம். அவிய ஊரு வந்து சேந்த பெறவுதான் மத்ததெல்லாம். நீங்க இந்தச் சபையில 'எனக்குக் குறை இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்" என்றான் ரொசாரியோ.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, என் மனம் ஆடித்தான் போனது. வாசலில் பெட்டியோடு அவர் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். என்ன குழம்பு வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். உலகத்தில் யார் யாரோ எதற்கெதற்கோ சண்டை போடுகிறார்கள், எனக்கென்ன என்று தோன்றியது. மதியம் போன் வரட்டும், அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்காரரைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றதில் எல்லா மதப் பெரியவர்களுக்கும் திருப்தி. அவர்கள் ஒருமனதாகத் தலையாட்டிய சந்தர்ப்பங்கள் குறைவு.

மதியம் போன் வந்தது. கிரேனுக்கு மேலே காற்று அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி ஆவுடை, நான் வந்துட்டா இந்தக் கிரேன்ல யாரு ஏறுவா?"

"யாரும் ஏறட்டும். உங்களுக்கென்ன?"

"யாரும் எப்படி ஏறுவா? ஓல்மிதான் ஏறணும். எனக்கு அடுத்த ஷிப்ட் அவன்தான். ஓர்வாக்காரன். சாளைமீன் கொழம்பு வச்சுக் குடுத்தம்லா, தட்டையே நக்கிட்டாம்னு சொன்னேனே, அவன்தான்."

"அவங்க நாட்டுக்காரவியளே குண்டு போடும்போது அவன்மேல விழாம பாத்துக்கிட மாட்டாவளா?"

"குண்டு போடுதவன் பாஸ்போர்ட்டையா பாத்துப் போடுவான்?"

பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"சரி, உங்கிட்ட குறை இல்லன்னு சொல்லச் சொல்லுதாவ. அவன் பொண்டாட்டிகிட்டக் கேட்டாவளா?"

சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அவளும் ஏதோ ஓர் அடுப்படியில் நின்றுகொண்டு, போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் முதலில் என்மேல்தான் வந்தது. பிறகு அது அமைச்சர்கள் பக்கம் திரும்பியது.

கோயிலுக்குத் திரும்பிப் போனேன். எல்லாரும் நாற்காலிகளில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் குறை இருக்கு" என்றேன்.

இளநீரைக் கீழே வைத்தார்கள்.

"நம்ம கோயில்ல எந்தத் தலையில தண்ணி ஊத்துதோமோ அந்தத் தலையத்தான் வெட்டுதோம். சிலுப்புதது ஒருத்தன், வெட்டுப்படுதது இன்னொருத்தன்னு எங்கயாவது உண்டுமா? என் கிடா இங்க நின்னு சிலுப்பினா, எங்கயோ கிரேன்ல இருக்கவன் தலை போகுது. அவங்கிட்ட ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சியளா? அவன் பொண்டாட்டியக் கேட்டியளா? இதான் என் குறை."

ரொசாரியோ இதை இரண்டு பாஷையிலும் சொன்னான். கூடவே அவனாக ஏதோ சேர்த்துக்கொண்டான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் பேசியதைவிட நீளமாக இருந்தது. கொம்பையா அண்ணாச்சி தாடியைச் சொறிந்தபடி சாமி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆவுடை சொல்லுததுதான் முறை. இத்தனை நாளும் தலை மாறிப்போச்சு. தப்பு எம்மேலதான். வெட்டுப்படப் போறவியளைக் கூப்பிடுங்க, தண்ணி ஊத்துவோம்" என்றார்.

அமைச்சர்கள் ஒதுங்கிப் போய்க் கலந்து பேசினார்கள். திரும்பி வந்து, வெட்டுப்படப் போகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அத்தனை பேரையும் கூட்டிவர விமானம் போதாது, முற்றமும் போதாது என்று தெரிவித்தார்கள். உலக சபைப் பார்வையாளரும் முற்றத்தைக் கண்ணால் அளந்து பார்த்து, போதாதுதான் என்றார்.

"எதுக்கு எல்லாரும்? வந்து இறங்கினதும் எங்கிட்ட என்ன சொன்னிய? எங்க நாட்டு மக்கள் எல்லாருக்கும் பதிலா நாங்க வந்திருக்கோம்னுதான சொன்னிய? அப்போ உங்க ரெண்டு தலையும் போதும்" என்றார் அண்ணாச்சி.

இதில் மறுத்துப் பேச இடமில்லை. அமைச்சர்களும் மறுக்கவில்லை. மக்களுக்குப் பதிலாகத் தாங்கள் வந்திருப்பதை ஓர் ஆடு மேய்க்கிறவளும் ஒரு பூசாரியும் ஒத்துக்கொண்டதில் இருவருக்கும் உள்ளூர மகிழ்ச்சி என்று தோன்றியது. கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார்கள். தவசியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினேன். அண்ணாச்சி அவர்களுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, மனுவை இருவர் காதிலும் வாசித்தார். வாசிக்கும்போது துறைமுகம் என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, "இது நீங்க" என்று ஓர் அமைச்சரைப் பார்த்துச் சொன்னார். ரயில் நிலையம் என்று வந்த இடத்தில், "இது நீங்க" என்று மற்றவரைப் பார்த்துச் சொன்னார். பீடத்தில் சாய்த்து வைத்திருந்த அரிவாளின் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. இருவரும் அதை அப்போதுதான் பார்த்தார்கள். அழகான வேலைப்பாடு என்று பெல்தானியா அமைச்சர் பாராட்டினார்.

செம்பு நிறையத் தண்ணீரை எடுத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை ஊற்றினார் அண்ணாச்சி.

மார்கழித் தண்ணீர். வடக்கேயிருந்து வாடைக்காற்று வேறு. அமைச்சர்களின் சட்டை உடம்போடு ஒட்டியது. காது மடலிலிருந்து சொட்டியது. அவர்கள் சிலுப்பவில்லை. பல் கிட்டியிருந்தது, உதடு நீலம் பாரித்தது, ஆனால் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. தவசி அவர்களை அக்கறையாகப் பார்த்தான். அவனுடைய வேலையை இன்னொருவர் இவ்வளவு நேர்த்தியாகச் செய்து அவன் கண்டதில்லை.

கற்பூரம் அணைந்ததும் அண்ணாச்சி முறைப்படி கேட்டார்: "உத்தரவு இல்லைன்னு எழுதிக்கிடலாமா? மனுவை எடுத்துக்கிடுதியளா?"

எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் முதலில் யார் எடுப்பது? முதலில் எடுக்கிற நாடு பயந்துவிட்டது என்று அடுத்த நாட்டுப் பத்திரிகையில் போடுவார்கள். மகானும் கோபித்துக்கொள்ளக்கூடும். அதனால் மனு அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு தலைநகரங்களும் சொல்லிவிட்டன. மனு இருக்கும்வரை தினமும் காலையில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஊற்றிய தண்ணீர் காயும்வரை பதில் முடிந்ததாகக் கணக்கில்லை, ஆள் அசையக்கூடாது. இடையில் ஊட்டிவிட்டால் சாப்பிடலாம். மெல்லுவதைச் சிலுப்பலாக எடுத்துக்கொள்வதில்லை, தவசி விஷயத்திலேயே அது முடிவாகிவிட்டது.

ஆகவே அவர்கள் நிற்கிறார்கள். நான்தான் தோசையைப் பிய்த்து ஊட்டிவிடுகிறேன். பெல்தானியாக்காரருக்குக் காரம் ஆகாது. ஓர்வாக்காரர் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். முதல் சில நாட்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு எவ்வளவு நாள் பேசாமல் இருக்க முடியும்? இப்போது உதடு அதிகம் அசையாமல் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் மூக்கில் ஈ உட்கார்ந்தால் மற்றவர் மெல்ல ஊதிவிடுகிறார்.

ஒருநாள் ஈரத்தில் நின்று நின்று பெல்தானியாக்காரருக்குத் தும்மல் வரப்பார்த்தது. அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. எங்களுக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது. தும்மினால் உடம்பு முழுக்கக் குலுங்கும், சந்தேகத்துக்கு இடமில்லாத சிலுப்பல். மனு ஒன்றுதான் என்பதால் ஒருவர் சிலுப்பினாலே இரண்டு தலையும் போகும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். ஓர்வாக்காரர் அவசரமாகப் பதில் சொன்னார்.

"எந்தப் பக்கம் திரும்பித் தும்மட்டும்னு கேக்காரு யக்கா. அவரு சொல்லுதாரு, எந்தப் பக்கமானாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல, தயவுசெஞ்சு தும்மிராதீரும், எனக்குப் பேத்தி கல்யாணம் இருக்குங்காரு" என்றான் ரொசாரியோ.

தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இரண்டு நாட்டு மத அறிஞர்களும் அன்றிலிருந்து அந்தப் பதிலுக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஈரம் மட்டும்தான் தொந்தரவாக இருந்தது. மார்கழி வெயில் சோகை பிடித்த வெயில், சாயங்காலம் வரை சட்டை காயவில்லை. துவட்டிவிட்டால் அசைவாகிவிடும். உலக சபை இரக்கப்பட்டு, சூரியனுக்கு விண்ணப்பம் அனுப்பியது. சூரியன் எல்லா மதங்களிலும் கௌரவ உறுப்பினர் என்பதால் ஒருவரும் தடுக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஒரு மதியம் கூடுதலாகத் தருவதாகவும், அந்த நேரத்தைப் பெல்தானியாவும் ஓர்வாக்கும் தங்கள் சாயங்காலத்திலிருந்து பாதிப் பாதி விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் பதில் வந்தது. இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டன.

தை பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் இரண்டு மதியம். முதல் மதியம் முடிந்து வெயில் சாயப்போகிற நேரத்தில் சூரியன் நின்று, திரும்பி, நடுவானத்துக்கு வருகிறது. ஊர்ப் பெண்களுக்கு இரண்டாம் மதியத்துக்கு என்ன சமைப்பது என்பதுதான் கவலை. அங்கே சாயங்காலம் குறைந்துபோனதால் துறைமுகத்தில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. ஷிப்ட் சீக்கிரம் முடிகிறது. அவரும் ஓல்மியும் கிரேனை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, கடற்கரையில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்கிறார்கள். ஓல்மியின் பெண்டாட்டியும் நேற்று லைனில் வந்தாள். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்பதாக இவர் மாற்றிச் சொன்னார். சுண்டைக்காய் வற்றல் காயப்போட்டிருக்கிறேன் என்றேன்.

முதல் மதியத்தைவிட இரண்டாம் மதியத்தில் வற்றல் நன்றாகக் காய்கிறது.